கொழுந்துக்குள் ஒரு பிரிவினை

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் அனுபவத்தால் அறிந்த உண்மையொன்று உண்டு: பறித்த கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்தால், பெக்டரியை அடையுமுன்பே அது கசங்கி, சூடேறி, சிவந்துபோகும். செடியில் நின்றவரை பச்சை மாறாதிருந்த இலை ஒரு கசங்கலில் நிறம் மாறுவது ஏன் என்று ஆராயப் புகுந்தால், உயிர்க்கலத்தின் அந்தரங்க அமைப்பே நமக்குப் புலனாகிறது.

ஒரு மில்லிமீற்றரை இலட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறளவே தடிப்புள்ள மென்சவ்வுகள், கலத்தினுள்ளே வெவ்வேறு காரியங்களுக்கு வெவ்வேறு அறைகளை வகுத்திருக்கின்றன. புன்வெற்றிடம் என்னும் பெரிய அறையில் அமிலச் சாறும், அதில் கரைந்த கேட்டிகின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் சேமிக்கப்பட்டிருக்க, அவற்றை ஒட்சியேற்ற வல்லதும் செம்பை அங்கமாகக் கொண்டதுமான நொதியமோ பச்சையவுருமணியில் தனித்து வாசம் செய்கிறது. இம்மென்சவ்வுகள் வெறும் தடுப்புகளல்ல. அவற்றில் பதிந்துள்ள புரதங்கள் இன்ன பொருள் செல்லலாம், இன்னது செல்லலாகாது என்று தெரிந்தெடுத்து அனுப்புகின்றன. பச்சையவுருமணிக்குள்ளும் நுண்ணிய மென்சவ்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்து, சூரிய ஒளியின் உதவியால் ஐதரசன் அயன்களை ஒருபுறம் திரட்டி, அவை மறுபுறம் திரும்பிப் பாயும் வேகத்தைக் கொண்டே சக்தியை ஈட்டுகின்றன. பிரிவினை இல்லையேல் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. ஏற்றத்தாழ்வு இல்லையேல் அந்தச் சக்தியும் இல்லை.

உயிர் கட்டிக்காக்கும் இப்பிரிவினையைக் கிரமமாகக் கலைப்பதே தேயிலைத் தொழிலின் சாரம். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் தம் பங்களா வராந்தாவில் கையால் இலையை உருட்டச் செய்ததும், இன்று பெக்டரியின் ரோலர் செய்வதும் அதுவே. வாட்டும் தட்டில் பல மணி நேரம் ஈரமிழந்து தளர்ந்த மென்சவ்வுகள் ரோலரில் கிழிபட, நொதியமும் கேட்டிகினும் காற்றின் ஒட்சிசனோடு கூடி, செம்பொன் நிறத் தியாபிளேவின்களும் செங்கபில நிறத் தியாரூபிஜின்களும் பிறக்கின்றன. இந்தச் சேர்க்கை அளவு கடந்தால் சாயத்தின் பிரகாசம் மங்கிவிடுமாதலால், உரிய வேளையில் அடுப்பின் வெப்பம் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. 1925இல் தோன்றி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்றவை இத்தகைய நுட்பங்களையே ஆராய்கின்றன.

பச்சைத் தேயிலை செய்வோரோ, இலையை உருட்டுமுன்பே ஆவியாலோ உலர்சூட்டாலோ நொதியத்தை அழித்துவிடுகின்றனர். பின்னர் மென்சவ்வு கிழிந்தாலும் கேட்டிகின் பெரும்பாலும் மாறாமலே எஞ்சுகிறது. ஒரே செடியின் கொழுந்து இருவகைப் பானமாவதற்கு, அறை பிரிந்திருந்த இரண்டும் சந்திக்க விடப்பட்டனவா என்பதே காரணம்.