நரம்புறைச் சிதைவு நோயும் உயிர்வளிப் பயிற்சியும்: கம்பம் பள்ளத்தாக்கிற்கு ஏற்ற சில கருத்துகள்

முன்னுரை

நோய்க்கு இடும் பெயர் அந்நோயைப் பற்றிய எண்ணத்தையும் உருவாக்குகின்றது. பெயர் பொருந்தாதாயின் எண்ணமும் பிறழும். எண்ணம் பிறழின் மருத்துவம் காலந்தாழும். மேலை நாட்டார் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என வழங்கும் நோயைத் தமிழில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என எழுதுவாருளர். இப்பெயர் நோயின் ஒரு கூற்றையே காட்டுகின்றது. மரப்பு என்பது நோயாளர் உணரும் குறிகளுள் ஒன்று; தண்டுவடம் என்பது நோய் தாக்கும் இடங்களுள் ஒன்று. மூளைக்கு இப்பெயரில் இடமே இல்லை. நினைவும் சிந்தனை விரைவும் குன்றுதற்குக் காரணமாவது மூளைக்கு நேரும் கேடே என்பதை எண்ணுங்கால், இக்குறை சிறிதன்று. ஆதலின், மூளை தண்டுவடம் என்னும் இரண்டிற்கும் பொதுவாக நிற்கும் ‘நரம்புறைச் சிதைவு நோய்’ என்னும் சொல்லை இக்கட்டுரையில் யாம் ஆள்கின்றோம். இந்நோயுடையார் மூளை நலத்திற்கு உடற்பயிற்சி எவ்வளவு உதவும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வார் அதனை எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

நோயின் இயல்பு

மின்கம்பியைச் சுற்றி உறையிருத்தல்போல, நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் மாறுபட்டு இவ்வுறையையே தாக்குவதால் நோய் தோன்றுகின்றது. உறை சிதைந்த இடங்களில் இறுகிய வடுக்கள் உண்டாகின்றன. பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணிபுரிந்த சார்க்கோ என்னும் அறிஞர் 1868-இல் இந்நோயைத் தெளிவுற வரையறுத்தார். அவர் இட்ட பிரெஞ்சுப் பெயருக்குத் ‘திட்டுத் திட்டான இறுக்கம்’ என்பது பொருளாகும்.

பார்வை மங்கல், கைகால் மரத்தல், நடை தள்ளாடல், சிறுநீரை அடக்கவியலாமை, காரணமற்ற பெருஞ்சோர்வு ஆகியன இதன் குறிகள். இருபது வயதிற்கும் நாற்பது வயதிற்கும் இடையிலேயே இது பெரும்பாலும் தலைப்படுகின்றது. ஆண்களினும் பெண்களையே மிகுதியும் பற்றுகின்றது. உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் இந்நோயுடையர் என 2020-ஆம் ஆண்டுக் கணக்கு கூறும். நிலநடுக்கோட்டை நெருங்குந்தோறும் இது அருகிக் காணப்படுகின்றது. கம்பம் பள்ளத்தாக்கோ வடக்கே பத்தாம் பாகையை ஒட்டிக் கிடப்பது. அருகிக் காணப்படும் நோய் எளிதில் அறியப்படாது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. வைகறையில் ஜீப்பேறிக் குமுளி மலைக்கும் போடிமெட்டிற்கும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் இளம்பெண் ஒருத்தி, நண்பகலில் கால் நகரவில்லை என்பாளாயின், அதனை நோயெனக் கருதாது சோம்பலெனக் கருதும் சுற்றத்தாரே பலராவர்.

இந்நோயுடையார் மூளை, பிறர் மூளையினும் விரைந்து சுருங்குகின்றது. நலமுடையார்க்கு ஆண்டிற்கு 0.1 முதல் 0.3 விழுக்காடு வரை மூளையின் பருமன் குறையுமெனின், இவர்க்கு 0.5 முதல் 1.3 விழுக்காடு வரை குறைதல் கூடும். நோயுடையாருள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு நினைவிலோ கவனத்திலோ சிந்தனை விரைவிலோ தளர்ச்சி காணப்படுகின்றது.

ஓய்வு என்னும் பழைய அறிவுரை

இந்நோயுடையார் உடலை வருத்தலாகாது என்று மருத்துவர் நெடுங்காலம் கூறிவந்தனர். இதற்குக் காரணமில்லாமல் இல்லை. செருமானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் என்பார், உடலுழைப்பிற்குப் பின் நோயாளர் சிலருக்குப் பார்வை மங்குதலை 1890-இல் எடுத்துக் காட்டினார். உழைப்பே நோயை வளர்க்கின்றது எனப் பலரும் இதனால் அஞ்சினர். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அம்மங்கலுக்குக் காரணம் உடற்சூடே என்பதைத் தெளிவாக்கின. உறை சிதைந்த நரம்பில் வெப்பம் மிகுங்கால் செய்தி செல்லுதல் தடைப்படுகின்றது. உடல் குளிர்ந்தவுடன் பழைய நிலை மீள்கின்றது. புதிய சிதைவு எதுவும் அதனால் நேர்வதில்லை. காட்சி மெய்யே, அதனின்று கொண்ட முடிபே பிழை.

இப்பிழை திருந்தப் பெரிதும் உதவியது, அமெரிக்க நாட்டு யூட்டா பல்கலைக்கழகத்தில் பெட்டஜானும் அவர்தம் குழுவினரும் செய்து 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியாகும். அவர்கள் நோயாளர் 54 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரம் மும்முறையாகப் பதினைந்து வாரம் பயிற்சி செய்தனர். அவர்தம் உடல் உயிர்வளியைப் பயன்கொள்ளும் ஆற்றல் 22 விழுக்காடு உயர்ந்தது. பின்னர், 26 ஆராய்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கி 2014-இல் வெளிவந்த ஆய்வு, பயிற்சி செய்தாரிடத்து நோய் மீண்டும் தலைதூக்குதல் மிகவில்லை என உறுதி செய்தது.

மூளைக்கு நேரும் பயன்

நெஞ்சத் துடிப்பும் மூச்சும் சற்று மிகும்படி, பெருந்தசைகளைத் தொடர்ந்து இயக்கும் நடை, மிதிவண்டி, நீந்தல் முதலியவற்றை உயிர்வளிப் பயிற்சி என்கின்றோம். இது மூளைக்குக் குருதியோட்டத்தை மிகுவிக்கின்றது. நரம்பணுக்களைப் பேணும் புரதங்கள் சுரக்கத் துணைசெய்கின்றது. நோயில்லாத முதியோர் 120 பேரிடம் நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தார்க்கு நினைவிற்கு இடமாகிய ‘ஹிப்போகாம்பசு’ என்னும் மூளைப்பகுதி இரண்டு விழுக்காடு பெருத்தது.

நரம்புறைச் சிதைவு நோயுடையார்க்கும் அவ்வாறே நிகழும் எனத் துணிதற்கு இன்னும் சான்று போதாது. தென்மார்க்கு நாட்டில் நோயாளர் 86 பேரிடம் நிகழ்ந்து 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், 24 வாரக் கடும்பயிற்சி மூளைச் சுருக்கத்தைத் தடுக்கவில்லை. எனினும் உடல் வலிமை மிகுந்தது. நோய் மீளுதலும் குறைந்து காணப்பட்டது. ஆறு நாடுகளில் 311 பேரைக் கொண்டு நிகழ்ந்து 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், உயிர்வளிப் பயிற்சியும் மனப்பயிற்சியும் பெற்றவர், பெயரளவிலான பயிற்சி பெற்றாரினும் சிந்தனை விரைவில் விஞ்சி நின்றிலர்.

இவற்றால் பெறப்படுவது யாது? உடற்பயிற்சி மூளைக்கு மருந்தன்று. மருத்துவர் தரும் மருந்திற்கு மாற்றாகவும் நில்லாது. நடைவலிமை, சோர்வுக் குறைவு, மனத்தெளிவு, நெஞ்சக நலம் என்னும் பயன்களுக்கே உறுதியான சான்று உண்டு. இவை மூளை நலத்தோடு தொடர்பற்றன அல்ல. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் சேரின் இந்நோயின் கேடு மிகும். அவற்றைத் தடுக்கும் பயிற்சி மூளைக்கும் காப்பாகும்.

பள்ளத்தாக்கிற்கு ஏற்ற முறை

வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்பார்க்கு வேறு பயிற்சி எதற்கு என்று சிலர் வினவுவர். தோட்ட வேலை குனிந்தும் சுமந்தும் வெயிலில் நின்றும் செய்வது. உடல் தளர்ந்தபோது நிறுத்திக் கொள்ளும் உரிமை அதில் இல்லை. பயிற்சியோ அளவறிந்து, சிறிது சிறிதாக மிகுத்து, நாள் தவறாது செய்வது. உழைப்பு உடலைச் செலவிடுகின்றது. பயிற்சி உடலுக்குச் சேர்த்து வைக்கின்றது. இவ்வேறுபாட்டைக் குடும்பத்தார் உணர்தல் வேண்டும்.

எவ்வளவு செய்வது? வாரம் இருமுறை முப்பது நிமிட மிதமான பயிற்சியும், தசைக்கு வலிமை தரும் பயிற்சி இருமுறையும் வேண்டும் எனக் கனடா நாட்டு நெறிமுறை 2013-இல் வகுத்தது. இயன்றவர் வாரத்திற்கு 150 நிமிடத்தை இலக்காகக் கொள்க என 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறும். தொடங்குவார் பத்து நிமிடத்திலேயே தொடங்கலாம். பேச இயலும், பாட இயலாது என்னும் அளவே மிதமான பயிற்சிக்கு எளிய அளவுகோல்.

எப்பொழுது செய்வது? வெப்பமே பகை ஆதலின், பங்குனி சித்திரை மாதங்களில் கதிரவன் எழுமுன் செய்தல் நன்று. ஆனி ஆடியில் கணவாய் வழி வீசும் காற்று துணைபுரியும். குளிர்ந்த நீர் பருகுதலும், நனைத்த துண்டைக் கழுத்தில் இடுதலும், இடையிடையே நிழலில் அமர்தலும் சூட்டைத் தணிக்கும். பார்வை மங்கினால் நிறுத்தி, உடலைக் குளிர்வித்துப் பின் தொடர்க. மங்கலோ தளர்ச்சியோ ஒரு நாளுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரைக் காண்க. அது நோய் மீளுதலாகவும் இருத்தல் கூடும்.

எங்குச் செய்வது? தள்ளாடும் காலுடையார்க்கு வயல் வரப்பு தகாது; பள்ளி விளையாட்டுத் திடல் போன்ற சமநிலமே தகும். முல்லைப் பெரியாற்றிலும் வாய்க்கால்களிலும் தனியே இறங்கி நீந்துதல் ஆகாது. நடக்க இயலாதார்க்கு நிலையாக நிற்கும் பயிற்சி மிதிவண்டி உண்டு. அமர்ந்தவாறே கையால் சுழற்றும் கருவியும் உண்டு. தொடங்குமுன் மருத்துவர் கருத்தைக் கேட்டல் இன்றியமையாதது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் உள்ளது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் வீட்டிற்கே இயன்முறை மருத்துவத்தைக் கொணர்வதை நோக்கமாக உடையது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் இந்நோயும் ஒன்று என்பதையும் நோயாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான். மருந்தும் மருத்துவனும் க.விலக்கிலோ மதுரையிலோ கிடைத்தல் கூடும். நான்காம் கூறு வீட்டில்தான் கிடைக்க வேண்டும். ‘ஓய்ந்து கிட’ என்று அன்பால் தடுப்பதும், ‘சோம்பல்’ என்று சினத்தால் பழிப்பதும் நோயாளர்க்குத் தீங்கே. வைகறையில் எழுப்பி, உடன் நடந்து, களைத்தவழி நிறுத்தி, மறுநாளும் உடன்வருவாரே இந்நோயுடையார்க்கு உற்ற துணையாவர். அத்துணையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து அளிக்குமாறு, இவ்வறிவியற் செய்திகளை எளிய தமிழில் ஊர்தோறும் பரப்புதல் தமிழ் கற்றார் கடனாகும் என யாம் கருதுகின்றோம்.