மழைக்கு முன் வரும் தீ
அரிசோனா பாலைவனத்தின் கோடையும் பருவ மழையும்

மழை மேகம் கூடினால் தீயின் அச்சம் தீர்ந்தது என்பது நம் விவசாயிகளின் அனுபவம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் உள்ள அரிசோனா மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே முதல் மேகம் தலைகாட்டும் ஜூன் மாத இறுதியில்தான் தீயின் அபாயம் உச்சத்தில் நிற்கிறது.

பாலைவனம் என்றவுடன் வெறும் மணல்மேடுகளை எண்ணிவிடலாகாது. சொனோரா என வழங்கும் இப்பிரதேசத்தில் மரங்களும் புதர்களும், நாற்பது அடி உயரம் வளரும் சவாரோ என்னும் தூண்கள்ளியும் உண்டு. பீனிக்ஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 7 அங்குலம். டூசான் நகரில் சுமார் 11 அங்குலம். டூசானின் மழையில் ஏறத்தாழப் பாதி, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை எனக் கணக்கிடப்படும் பருவ மழைக்காலத்தில் கிடைக்கிறது.

இதுவும் நம்முடைய தென்மேற்குப் பருவக்காற்றைப் போல, நிலத்தின் வெப்பத்தால் பிறப்பதே. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது, தரை காய்கிறது. பின்னர் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து, கலிபோர்னியா வளைகுடா முதலிய கடல்களின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. ஆனால் ஈரம் முதலில் வந்து சேர்வது வானத்தின் மேல் அடுக்குகளில்தான். கீழே காற்று உலர்ந்தே இருக்கும். ஆகையால் மேகத்திலிருந்து விழும் துளி தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடுகிறது. துளி விழாவிட்டாலும் இடி விழுகிறது! காய்ந்த புல்லில் மின்னல் பாய்ந்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

அத்துடன் தொல்லை முடிவதுமில்லை. மழைத்துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, தரையை நோக்கி வீழ்ந்து நாற்புறமும் பாய்கிறது. 2011 ஜூலை 5-இல் பீனிக்ஸ் நகரின்மீது வந்த புழுதிச் சுவர் இவ்வாறு எழுந்ததே. அதன் உயரம் 5,000 அடிக்கும் மேல், அகலம் ஏறத்தாழ 100 மைல். இதே காற்று எரியும் தீயின்மேல் பாய்ந்தால் தீ ஒரு நொடியில் திசை மாறும். 2013 ஜூன் 28-இல் யார்னெல் என்னும் சிற்றூருக்கு அருகே மின்னல் மூட்டிய சிறு தீ, இரண்டு நாள் கழித்து இடிமழையின் காற்றில் திரும்பியது. பயிற்சி பெற்ற 19 தீயணைப்பு வீரர்கள் அதில் மாண்டனர்.

எரிந்த மலையில் அடுத்து வரும் மழையும் ஆபத்தே. கடுந்தீயில் வெந்த மண் நீரை உறிஞ்சாது. பெய்த நீர் அனைத்தும் சாம்பலோடும் பாறையோடும் கீழே இறங்கும். 2010 ஜூனில் பிளாக்ஸ்டாப் நகருக்கு அருகே 15,000 ஏக்கர் காடு எரிந்தது. அடுத்த மாதமே அங்கு வந்த வெள்ளத்தில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் வருவது அங்கு வழக்கமாதலால், சாலையில் வைத்த தடுப்பைச் சுற்றிக்கொண்டு வாகனத்தை வெள்ளத்தில் இறக்கி மாட்டிக்கொள்பவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க 1995-இல் சட்டமே இயற்றினார்கள். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும்போது நம்மவர் காட்டும் துணிச்சலைக் கண்டவர்களுக்கு இந்தச் சட்டத்தின் நியாயம் விளங்கும்.

வெப்பத்தைப் பற்றிச் சில சொற்கள். 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. ஜூலை 19 அன்று மிகக் குறைந்த வெப்பமே 97 டிகிரி. இரவிலும் உடல் ஆறாவிட்டால் மறுநாள் வெயிலை அது தாங்காது. நகரம் அமைந்துள்ள மாரிக்கோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தால் நேர்ந்த மரணங்கள் 645. அங்கு வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு; குளிர்பதன இயந்திரம் இருந்தும் அது இயங்காத வீடுகள் அவற்றுள் பல. செல்வ நாட்டிலேயே இப்படி. வெப்ப அலையை நம் மாநில அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருப்பர். தனியே வசிக்கும் முதியோர் யார் யார் என்னும் பட்டியல் கோடைக்கு முன்பே பஞ்சாயத்து அலுவலகத்தில் இருத்தல் நலம்.

இப்பாலையின் ஆதிக்குடிகளான தொஹோனோ ஓதம் மக்கள் மழையை நம்பியே வேளாண்மை செய்தவர்கள். கடுங்கோடையில் பழுக்கும் சவாரோக் கனியைக் கொய்வதுடன் அவர்களுடைய புத்தாண்டு தொடங்குகிறது. ஓடை மலையை விட்டிறங்கிப் பரந்து விரியும் இடத்தில் வயலை அமைத்து, முள்ளும் தழையும் கொண்ட தடுப்புகளால் வெள்ளத்தைப் பரப்பி, ஓரிரு வெள்ளத்தின் ஈரத்திலேயே தெப்பாரி என்னும் பயற்றை விளைவிப்பார்கள். வெள்ளம் கொண்டுவரும் இலைமக்கே எரு. நீரை விரட்டாமல் அமர்த்தும் இம்முறை நம் மானாவாரி விவசாயிகளுக்குப் புதிதாகத் தோன்றாது.

இனி, நம்மை நேரே தொடும் செய்தி. சொனோராவில் இயற்கையாக வளரும் செடிகள் இடைவெளி விட்டே நிற்கும், இடையே வெறுந்தரை. ஆகவே பற்றிய தீ தானே அணைந்துவிடும். 1930-களில் மாட்டுத் தீவனத்திற்கும் மண்ணரிப்பைத் தடுப்பதற்கும் ஒரு புல்லை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். அது வேறொன்றுமில்லை, காங்கேயம் கொறங்காடுகளில் நாம் போற்றி வளர்க்கும் கொழுக்கட்டைப் புல்தான். இங்கே கிளுவை வேலிக்குள் மாடு மேய்ந்து அது தீர்கிறது. அங்கே மாடு ஏறாத செங்குத்துச் சரிவுகளில் பரவி, வெறுந்தரையை மூடி, காய்ந்து நின்று, தீ நடந்து செல்லப் பாலம் போட்டுவிட்டது. எரிந்தாலும் புல் வேரிலிருந்து துளிர்க்கும். தீயையே அறியாத சவாரோவோ முதல் கிளை விட ஐம்பது ஆண்டுக்கு மேல் எடுப்பது, எரிந்தால் மீள்வதில்லை. அந்தக் கண்டத்து மரமாகிய சீமைக் கருவேல் விறகுக்கென்று வந்து நம் கண்மாய்களை அடைத்ததற்கு இது சரியான கைம்மாறு போலும்! இரண்டையும் கொண்டுவந்தவர்கள் நல்லெண்ணத்துடன்தான் கொண்டுவந்தார்கள். புல்லும் மரமும் குற்றவாளிகளல்ல. மேய்வாரும் வெட்டுவாரும் இல்லாத இடத்தில் அவற்றை விட்டதே பிழை என்பது என் கருத்து.

2005-இல் அரிசோனா அரசு இப்புல்லைத் தீங்கு தரும் களையெனப் பட்டியலில் சேர்த்தது. களைக்கொல்லி, புல் பசுமையாக இருக்கும் மழை நாட்களில்தான் பிடிக்கும். காய்ந்த புல்லில் தெளித்துப் பயனில்லை. மற்ற நாட்களில் தொண்டர்கள் கடப்பாரையுடன் சரிவுகளில் ஏறி வேரோடு பெயர்த்தெடுக்கிறார்கள். மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு மீண்டும் முளைத்துவிடுவதால், ஒருமுறை களைந்த சரிவுக்கே ஆண்டுதோறும் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.