ஈட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

மதுரைக்குக் கடல் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் ஆசை கொஞ்சம் தூக்கல். சனிக்கிழமை ராத்திரி வண்டியெடுத்து விடியும்போது தனுஷ்கோடியில் நிற்கிற கூட்டம் எப்போதும் உண்டு. அந்தக் கூட்டத்தில் சிலருக்கு இப்போது புது ஆசை ஒன்று வந்திருக்கிறது. ரப்பர் பட்டையை இழுத்துப் பூட்டி, விசையைத் தட்டினால் ஈட்டி பாய்கிற மீன் துப்பாக்கி. ஹவாயிலும் கிரேக்கத் தீவுகளிலும் ஒரே மூச்சில் முங்கி, பாறை இடுக்கில் கிடக்கும் களவாவைக் குத்தித் தூக்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம ராமேஸ்வரத்துல இதச் செய்ய முடியாதா?" என்று கேட்கிறார்கள்.

முடியாது. மதுரைக்குப் பக்கத்துக் கடலில், புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருவரால் இறங்க முடிகிற இடமெல்லாம் ஈட்டியோடு இறங்கக் கூடாத இடம். ஈட்டியோடு இறங்கலாமோ என்று விசாரிக்கத் தக்க இடத்துக்கு அவரால் மூச்சுப் பிடித்துப் போய்ச் சேர முடியாது. பயணத் திட்டம் இந்தச் சிக்கலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன 21 தீவுகள். குருசடை, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலத்தில் அடி தேய்ந்து இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்தார்கள். பூங்காவின் எல்லையை ஆழத்தால் வகுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கம் மூன்றரைப் பாகம் வரை; ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம் வரை. கடற்கரையில் பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, சுமார் ஆறடி. ஆக எல்லை ஏறக்குறைய ஆறரை மீட்டரில் இருந்து ஒன்பது மீட்டர் வரை வருகிறது.

ஒழுங்காகப் பயிற்சி எடுத்த புது ஆள் ஒரு மூச்சில் போய்த் திரும்பக்கூடிய ஆழமும் கிட்டத்தட்ட அதுதான். பவளமும் அதைச் சுற்றி மேய்கிற கிளிமீனும் செப்பிலியும் பாரையும் இருப்பதும் அங்கேதான். அந்த எல்லைக்கு வெளியே கல்தரை இல்லாமல் இல்லை. முத்துச்சிப்பி விளைந்த 'பார்'கள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பத்து மீட்டருக்கும் கீழே, கரையில் இருந்து வெகுதூரத்தில், நீரோட்டத்துக்கு நடுவே கிடக்கின்றன. முதல் வருஷத்து ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் எதைப் பிடித்தாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எல்லைக்கு வெளியேயும் கை வைக்கக் கூடாதவை உண்டு. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், சில வகைச் சுறா, திருக்கை, ராட்சதக் களவா எல்லாம் 2001இலேயே பாதுகாப்புப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. கலங்கல் தண்ணீரில், படபடக்கிற நெஞ்சோடு, எந்தத் திருக்கை பட்டியலில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற கண் மீனவர்களுக்கே எளிதில் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. இது எல்லைக் கடல். கடல் அட்டைக் கடத்தல் நடக்கிற கடல். முகமூடியும் துப்பாக்கியுமாக வெளியூர் ஆள் ஒருவர் விடிகாலையில் கரையில் நின்றால், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்காரர்கள் அவரை உல்லாசப் பயணி என்று நினைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சட்டத்தை விடுங்கள், மூச்சுக்கு வருவோம். தண்ணீருக்குள் 'இனி முடியாது' என்று நெஞ்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல. கரியமில வாயு ஏறியதால். முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு வாங்கி விட்டால் அந்த வாயு முன்கூட்டியே குறைந்துவிடும். முட்டல் தாமதமாக வரும். ஆள் 'நல்லாத் தம் கட்டுறேன்' என்று நினைத்துக்கொண்டு கூடுதல் நேரம் கீழே இருப்பார். பத்து மீட்டரில் நீர் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் இருக்கிற வரை, மிச்சமிருக்கிற கொஞ்ச ஆக்சிஜனும் மூளைக்குப் போதும். ஏறி வரும்போது அழுத்தம் சடசடவென்று குறைகிறது. கடைசி இரண்டு மூன்று மீட்டரில், வெளிச்சம் தெரிகிற இடத்தில், எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பும். பக்கத்தில் ஆள் இருந்து தலையைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். தனியாகப் போனவர் திரும்புவதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். பயந்தவன் சீக்கிரம் மேலே வந்துவிடுகிறான்.

தூத்துக்குடிக் கடலில் சங்கும் முத்தும் குளித்தவர்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் இருவர் கணக்குத் தெரியும். குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில். அந்தக் கையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதற்கு எவன் சம்மதிப்பான்? கதையோ நிஜமோ, உலகத்தில் எந்தப் பயிற்சி நிலையமும் இதைவிடச் சுருக்கமாகத் துணையாள் விதியைச் சொல்லிக்கொடுத்ததில்லை. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. விதி மட்டும் இன்னும் செல்லும்.

எனவே முதல் ஆறு மாதம் மதுரையிலேயே. ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் நீச்சல்குளம் இருக்கிறது. அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கிணறு இருக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை விடுவிக்க, ஒரு முங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே முங்கிய நேரத்தைப் போல் இரு மடங்காவது மேலே கிடந்து ஓய்வெடுக்க, இங்கேயே பழகலாம். கிணற்றில் தனியாகத் தம் கட்டிப் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு விடிகாலை கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய்வருவதும் பயிற்சிதான். விளமீனுக்கும் செப்பிலிக்கும் வித்தியாசம் ஐஸ் பெட்டியில் தெரியாதவருக்குக் கடலுக்குள் தெரியப் போவதில்லை.

காலத்தைக் காற்றுதான் தீர்மானிக்கும். மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல்: தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் காற்று வீசுகிற வைகாசிக்குப் பிறகு தென்கடல் கொந்தளிக்கும். வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் ஏறும். தண்ணீர் ஓரளவு தெளிந்து தென்கடல் அடங்கிக் கிடப்பது தை முதல் பங்குனி வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். அதற்காக அந்த நாட்களில் கடல் காலியாக இருக்கிறது, நாம் போகலாம் என்று கிளம்புவது அழகில்லை. மீன் முட்டையிட விட்டுக் கொடுத்த காலம் அது.

மாசியில் கிளம்புங்கள், ஈட்டி இல்லாமல். ராமநாதபுரத்தில் இறங்கி, பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளத்தைப் பார்க்கலாம். வடகடல் பக்கம் காரங்காட்டில் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு விடலாம். மீன் பிடித்தே ஆக வேண்டும் என்றால், நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் முறையாகப் பேசி, பூங்கா எல்லைக்கு வெளியே தூண்டில் போடுங்கள். கைபேசியில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்கலாம். நம்மூர் முக்குளிப்பு மரபில் இன்று நம் கண்ணெதிரே மிஞ்சியிருப்பவர்களில் இவர்களும் உண்டு. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காக முங்குகிறவர்களே நாள் குறித்து முங்குகிற கடலில், வார விடுமுறைக்கு வருகிறவர் பெரிய மீனாகப் பார்த்துக் குத்துவேன் என்பது எனக்கு ஒப்பவில்லை. களவாவில் அது இரட்டைக் கேடு. இந்த இன மீன்கள் பல பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து, பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. பெரியதைக் குத்தினால் அந்தப் பாறையின் ஆண் போய்விடும். மத்தியதரைக் கடலில் இப்படித்தான் களவா குறைந்து, பிரான்ஸ் தன் கரையில் 1993 முதல் அதை ஈட்டியால் பிடிக்கத் தடை போட்டது.

இத்தனைக்கும் பிறகு ஈட்டி ஆசை விடவில்லை என்றால், இரண்டாவது வருஷம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரைக்குப் போய் விசாரித்துப் பாருங்கள். முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் எல்லாம் பாறைக் கடல். பூங்கா எல்லைக்குள் வராதவை. அங்கே பாறையில் ஒட்டிய சிப்பியை மூச்சடக்கி முங்கிப் பெயர்த்து எடுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். எந்தப் பாறையில் அலை திரும்பி அடிக்கும், எந்த மாதம் இறங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டது போக, ஊர் கமிட்டியிடமும் கேட்க வேண்டும். அந்தக் கரையில் ஊர் சொல்லும் கட்டுப்பாட்டுக்குத் தனி மரியாதை. 'வேண்டாம்' என்றார்களானால் பேசாமல் சிப்பி வாங்கிக்கொண்டு திரும்புங்கள். தேங்காய் அரைத்து வறுத்தால் பிரமாதமாக இருக்கும்.