வீட்டுக்குக் கண்காணிப்புக் கமரா வாங்குவோர் கவனத்திற்கு

யாழ். குடாநாட்டில் கடைவாசல்களில் மட்டுமன்றி வீட்டு மதில்களிலும் இன்று கண்காணிப்புக் கமராக்கள் பெருகி வருகின்றன. வாள்வெட்டுக் குழுக்களின் அட்டகாசமும் திருட்டுகளும் ஏற்படுத்திய அச்சம் இதற்கு ஒரு காரணமாகும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, முதிய பெற்றோர் தனித்து வாழ்கின்றமை இன்னொரு காரணம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் சிலவும் புத்தளத்தில் ஒரு காலும் சோனகதெருவில் ஒரு காலுமாகவே வாழ்கின்றன. பூட்டிக்கிடக்கும் வீட்டைத் தொலைவிலிருந்து பார்க்கவேண்டிய தேவை இரு சமூகத்தவர்க்கும் பொதுவானது.

கமரா திருடனைத் தடுத்து நிறுத்திவிடாது. நடந்ததைப் பின்னர் எடுத்துரைக்கும் சாட்சியே அது. அச்சாட்சி பயன்படுமா என்று எண்ணிப் பார்த்தே அதனைத் தெரிவு செய்தல் வேண்டும்.

கூரையோரத்தில் பொருத்திய நான்கு கமராக்கள் தலைக்கவசங்களை மட்டுமே காட்டக்கூடும். படலையால் நுழைபவரின் முகமும் மோட்டார் சைக்கிளின் இலக்கமும் தெரியுமாறு, அங்கே ஒரு மின்குமிழுடன் பொருத்திய ஒரே கமரா அவற்றைவிட மேலானது. உப்புக்காற்று வீசும் எமது மண்ணில் துருப்பிடிக்காத பொருத்திகளும் ஐபி 66 தரமும் அவசியம்.

பதிவு எத்தனை நாட்களுக்கு நிற்கும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்பவர் சிலரே. விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் கமரா ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 கிகாபைட் இடத்தை நிரப்புகின்றது. நான்கு கமராக்கள் இடைவிடாது பதிந்தால் ஒரு டெராபைட் வன்தட்டு 11 நாட்களில் நிறைந்து, பழைய பதிவு அழியத் தொடங்கும். மாதமொருமுறை வீட்டுக்கு வருபவர்க்கு இது போதாது. பதிவுப்பெட்டியை வரவேற்பறையில் வைத்தால் திருடன் அதனையும் எடுத்துச் சென்றுவிடுவான்.

ஒளி, ஒலிப் பதிவுகளை நீதிமன்றில் சான்றாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுச் சட்டம் வழிவகுக்கின்றது. ஆனால் பதிவு மாற்றப்படாமல் பாதுகாக்கப்பட்டிருத்தல் வேண்டும். கமராவின் நேரமும் திகதியும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் இடைக்கிடை பார்த்துக்கொள்வது நன்று.

2022 இன் நீண்ட மின்வெட்டுகளையும் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. பதிவுப்பெட்டிக்கும் இணையக் கருவிக்கும் மின்கலச் சேமிப்பு இல்லையேல் இருளில் கமராவும் குருடே.

கமராவுடன் வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுதல் வேண்டும். 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் ஏராளமான கமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டு பெரும் இணையத்தளங்களையே முடக்கியது. எமது முற்றத்தை நாம் பார்க்க வைத்த கண் பிறர் பார்க்கும் கண்ணாகிவிடலாகாது.

அயலவர் உரிமையும் சிந்திக்கத்தக்கது. வீட்டுக் கமரா பொதுவீதியைப் படம்பிடித்தால் அது வெறும் சொந்தத் தேவையாகாதென ஐரோப்பிய நீதிமன்று 2014 இல் தீர்ப்பளித்தது. எமது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ முற்றிலும் வீட்டுத் தேவைக்கானவற்றுக்கு விலக்களிக்கின்றது. ஆகவே சட்டம் சொல்லும்வரை காத்திராது, அடுத்த வளவின் கிணற்றடியும் பெண்கள் நடமாடும் முற்றமும் படத்தில் விழாதவாறு கமராவைத் திருப்புவதே பண்பாகும். அப்பகுதியை மறைத்துவிடும் வசதியும் பல கமராக்களில் உண்டு.

கிடுகுவேலிக் காலத்தில் அவலக்குரல் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அயலவரே. கமரா பொருத்தியதன் பின்னரும் ஓடிவரப்போகின்றவர் அவர்தான். அவரது மனத்தைப் புண்படுத்திப் பெறும் பாதுகாப்பு நிலைக்காது என்பதே எமது கருத்தாகும்.