‘ரப்பி’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ‘என்’

யூத சமய அறிஞர்களை ‘ரப்பி’ என்று அழைப்பார்கள் என்பது உலகச் செய்திகளைப் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். இமாம், பாதிரியார் போல அதுவும் ஒரு பதவிப்பெயர் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை வருகிறது.

எபிரேய மொழியில் ‘ராவ்’ என்றால் பெரியவர், தலைவர். அதனோடு ‘இ’ சேர்ந்து ‘ரப்பி’ ஆகும்போது ‘என்’ என்ற பொருளும் வந்துவிடுகிறது. ‘என் தலைவரே’, ‘என் ஆசானே’ என்று பொருள். ஆசிரியரின் பெயரைச் சொல்லக் கூசிய மாணவன் வாயில் பிறந்த விளி அது. நம் ‘எந்தை’ என்ற சொல்லுக்குள்ளும் இப்படித்தானே ஓர் உறவு ஒளிந்திருக்கிறது?

தமிழ் பைபிள் வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. யோவான் சுவிசேஷத்தில் சீடர்கள் இயேசுவை ‘ரபீ’ என்கிறார்கள். மகதலேனா மரியாள் ‘ரபூனி’ என்கிறாள். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு, அந்த விளி முறையான பட்டமாக நிலைபெற்றது. ஆசிரியர் மாணவருக்கு அளிக்கும் அங்கீகாரத்துக்கு ‘செமிகா’ என்று பெயர். அதை இஸ்ரேல் மண்ணில் மட்டுமே வழங்கலாம் என்பது விதி. அதனால் பாபிலோனிய அறிஞர்கள் எவ்வளவு கற்றிருந்தாலும் ‘ராவ்’தான், ‘ரப்பி’ அல்லர். தல்மூத் நூலில் ஒருவரின் பட்டத்தைப் பார்த்தே அவர் எந்த ஊர்ப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

‘ரப்பி’க்கும் மேலே ‘ரப்பான்’, அதாவது ‘நம் ஆசான்’. கமாலியேல் போன்ற மிகச் சிலருக்கே அது கிடைத்தது. அதற்கும் மேலே? வெறும் பெயர்தான்! ஹில்லேல், ஷம்மாய் ஆகிய இரு பேரறிஞர்களுக்கு எந்த அடைமொழியும் இல்லை. பட்டங்கள் வருமுன்பே வாழ்ந்தவர்கள் அவர்கள் என்பது ஒரு காரணம். ஆனால், பட்டத்தைவிடப் பெயரே பெரிது என்று யூத மரபே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. ‘முனைவர் கம்பர்’ என்று எழுதிப் பாருங்கள், புரியும்.

எனினும், பட்டம் மறுக்கப்பட்டவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. பெர்லினில் சமயக் கல்வி கற்ற ரெகினா யோனாஸ், ஒரு பெண் ரப்பி ஆகலாமா என்ற கேள்வியையே ஆய்வேடாக எடுத்து, ‘ஆகலாம்’ என்று யூதச் சட்ட நூல்களைக் கொண்டே வாதிட்டார். கல்லூரி தந்ததோ சமய ஆசிரியர் சான்றிதழ் மட்டும். 1935இல்தான் மாக்ஸ் டீனமன் என்ற ரப்பி அவருக்குத் தனிப்பட்ட முறையில் பட்டம் வழங்கினார். 1942இல் நாஜிகள் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கும் அவர் பிரசங்கம் செய்தார், சொற்பொழிவாற்றினார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

போருக்குப் பின் அவரைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் பட்டம் பெற்றபோது, உலகின் முதல் பெண் ரப்பி அவரே என்று பலரும் எண்ணினார்கள். யோனாஸின் தாள்களோ கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகம் ஒன்றில் கிடந்தன. பெர்லின் சுவர் விழுந்த பிறகே அவை ஆய்வாளர் கைக்கு வந்தன.