கிட்டங்கி இல்லாத சரக்கு



உளுந்து மூட்டை கூடுதலாக வந்தால் கிட்டங்கியில் அடுக்குகிறோம். தட்டுப்பாடு வந்தால் எடுத்து விற்கிறோம். மின்சாரத்துக்கு அந்த வசதி குறைவு. காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். பாட்டரிகளும் வந்துவிட்டன. ஆனாலும் பெரும்பகுதி, உற்பத்தியான நொடியிலேயே செலவாக வேண்டிய சரக்குதான்.

இதற்கும் ஒரு தராசு முள் உண்டு. மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். செலவு கூடினால் முள் இறங்கும். உற்பத்தி கூடினால் ஏறும். நம் மாநிலத்துக்குச் சென்னையிலும், தென்னகத்துக்குப் பெங்களூரிலும், நாட்டுக்கு டெல்லியிலும் உள்ள லோடு டெஸ்பாட்ச் சென்டர்களில் இதை இரவு பகலாகக் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். ஒரு நாளைக் கால்மணி நேரமாக 96 பங்கிட்டு, எப்போது எவ்வளவு தேவை என்று முதல்நாளே கணக்கெழுதி வைக்கிறார்கள்.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடெங்கும் விளக்கை அணைத்தோம் அல்லவா? சில நிமிடங்களில் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. முன்கூட்டியே திட்டமிட்டு, நீர்மின் நிலையங்களைக் குறைத்துப் பின் கூட்டிச் சமாளித்தார்கள். எங்கும் பெரிய மின்தடை இல்லை.

2012 ஜூலை 31 அப்படி இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் 60 கோடிப் பேருக்கு மேல் இருளில் தவித்தார்கள். பங்குக்கு மேல் எடுத்த மாநிலங்கள், குறைக்கச் சொல்லியும் உரிய நேரத்தில் குறைக்காததும் ஒரு காரணம் என்றது விசாரணைக் குழு. கணக்கு இருந்தும் கணக்குப்படி நடக்காவிட்டால் கடை நொடித்துத்தானே போகும்?

இப்போது அந்தக் கணக்கு நம் கடைக்கும் வருகிறது. ஸ்மார்ட் மீட்டர், எத்தனை யூனிட் என்பதோடு எந்த நேரத்தில் என்பதையும் எழுதும். 2023-ல் திருத்தப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக இணைப்புக்கு உச்சநேரக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைப் போல் 1.20 மடங்குக்குக் குறையக் கூடாது. வெயில்நேரக் கட்டணமோ குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடியாக இருக்க வேண்டும். நேரத்தைக் குறித்து அமல்செய்வது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு.

ஆகவே நம் இணைப்பு எத்தனை கிலோவாட் என்று முதலில் பார்த்து வைப்போம். மாவு, மிளகாய் அரைப்பதையும், ப்ரீசரில் புதுச்சரக்கு நிரப்புவதையும் பகலுக்கு மாற்றலாம்.

ஆனால் மாலை விளக்கை எங்கே மாற்றுவது? மளிகைக் கடைக்கு வியாபாரமே அப்போதுதான். விருப்பப்பட்டு மாற்றக்கூடிய செலவு வேறு, மாற்ற முடியாத செலவு வேறு. ஆணையம் கட்டணம் குறித்துக் கருத்துக் கேட்கும்போது, நம் மீட்டர் எழுதிய கணக்கையே கையில் எடுத்துச் சென்று சங்கத்தின் மூலம் இதை எடுத்துச் சொல்வோம். வெறும் முறையீட்டைவிடக் கணக்குக்கு மதிப்பு அதிகம் என்பது நமக்குத் தெரியாததா?