கற்பனை இசைக்குழுவும் உண்மை தேடும் இரசிகர்களும்

ஒருபோதும் இருந்திராத ஓர் இசைக்குழு ஏன் பிரிந்தது என்பது குறித்து இலட்சக்கணக்கானோர் விவாதித்த விநோதம் 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது. அமேசன் பிரைம் தளத்தில் வெளியான 'டெய்ஸி ஜோன்ஸ் அன்ட் த சிக்ஸ்' என்னும் பத்துப் பாகத் தொலைக்காட்சித் தொடரே இதற்குக் காரணமாகும். எழுபதுகளில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புகழின் உச்சிக்கு ஏறி, அதே வேகத்தில் சிதறிப்போன ஒரு றொக் இசைக்குழுவின் கதையை அத்தொடர் கூறுகின்றது. டெய்லர் ஜென்கின்ஸ் றீட் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலே அதன் மூலம். பாடகி டெய்ஸியாக எல்விஸ் பிறெஸ்லியின் பேர்த்தி றைலி கியூக்கும், குழுவின் தலைவன் பில்லியாக சாம் கிளாஃப்லினும் நடித்திருந்தனர்.

மது, போதைப்பொருள், மணவாழ்வுக்கு வெளியேயான உறவு என்பன இத்தொடரில் தாராளமாகவே இடம்பெறுகின்றன. ஆகவே இது குடும்பத்துடன் அமர்ந்து பார்க்கத்தக்கதல்ல என்பதையும் கூறிவைக்க வேண்டியுள்ளது. எனினும் அதனைப் பார்த்தோரிடையே எழுந்த அபிப்பிராய பேதங்கள், கதையைவிடக் கூடுதலாகச் சிந்திக்கவைப்பன.

முதலில் குறைகூறியோர் நாவலின் வாசகர்கள். நாவலில் ஆறு பேராக இருந்த குழு தொடரில் ஐவராகக் குறைக்கப்பட்டது. பீட் என்னும் பாத்திரம் முற்றாகக் காணாமற்போனது. 'சிக்ஸ்' என்ற பெயரை நியாயப்படுத்துவதற்காக, பில்லியின் மனைவி கமிலாவை ஆறாமவராகக் கணக்கிட வேண்டியதாயிற்று. நாவலில் 1979 ஜூலை மாதம் நடைபெறும் குழுவின் இறுதி இசை நிகழ்ச்சி, தொடரில் 1977 ஒக்டோபருக்கு முன்நகர்த்தப்பட்டது. இவையெல்லாம் சிறு விடயங்கள். பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு நாவலை அடக்க முனைவோர் இத்தகைய வெட்டுக்கொத்துகளைச் செய்யவே செய்வர். இருபது வருடங்கள் கழிந்த பின்னர் பேட்டியளிப்பதாகக் காட்டப்படும் பாத்திரங்களின் முகங்களில் முதுமையின் ரேகை ஒன்றேனும் தென்படவில்லையே எனப் பலர் நகைத்தனர். அந்த நகைப்பில் நியாயம் உண்டு என்பதற்கு மேல் அதைப்பற்றிக் கூற ஏதுமில்லை.

பாரதூரமான குறை வேறிடத்தில் உள்ளது. றீட்டின் நாவல் முழுவதும் பேட்டிகளின் தொகுப்பாகவே எழுதப்பட்டுள்ளது. வர்ணனை இல்லை, கதைசொல்லியின் குரலும் ஏறக்குறைய இல்லை. பில்லி ஒன்றைக் கூறுவான். அடுத்த வரியிலேயே டெய்ஸி அதற்கு நேர்மாறாகக் கூறுவாள். கிட்டார் வாசிப்பவனும் மேளம் அடிப்பவனும் ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்வர். எவர் சொல்வது உண்மை என்பதை வாசகரே தீர்மானிக்க வேண்டும். ஒரு நீதிமன்றத்தில் ஒன்றுக்கொன்று முரணான சாட்சியங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீதிபதியின் நிலைக்கு வாசகரை இட்டுச்சென்றமையே அந்நாவலின் வெற்றி எனலாம்.

தொடரிலும் பேட்டிகள் உண்டு. ஆனால் பேட்டி முடிந்ததும் காட்சி விரிகின்றது. கமரா காட்டிவிட்டது என்றால் அது நடந்துவிட்டது என்பதே பார்வையாளரின் எண்ணம். சாட்சி பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா என்ற ஐயத்துக்கு அங்கு இடமில்லை. டெய்ஸிக்கும் பில்லிக்கும் இடையில் இருந்தது என்ன என்பதை நாவல் பெரும்பாலும் சொல்லாமலே விட்டது. தொடரோ அதை முத்தக் காட்சிகளாக்கிக் காட்டியது. கமிலா மீது பற்றுக்கொண்ட வாசகர்கள் இதனாலேயே கொதித்தனர். அவர்கள் ஒழுக்கம் பற்றிப் பேசுவதாகச் சிலர் எள்ளினர். நாம் அவ்வாறு கருதவில்லை. தமது தீர்ப்புக்கு விடப்பட்டிருந்த ஒரு வழக்கில் வேறொருவர் தீர்ப்பு எழுதிவிட்டாரே என்பதே அவர்களது ஆதங்கம்.

இசை பற்றிய சர்ச்சையும் இதே வகையைச் சார்ந்தது. நாவலில் 'அறோறா' என்னும் இசைத்தொகுப்பு அந்தக் காலத்தின் மகத்தான படைப்பாக வர்ணிக்கப்படுகின்றது. வாசகர் ஒவ்வொருவரும் தமது மனச்செவியில் அதனைக் கேட்டுக்கொண்டனர். தொடருக்கோ அந்தச் சலுகை கிடையாது. பாடல்கள் உண்மையிலேயே ஒலிக்க வேண்டும். பிளேக் மில்ஸ் தயாரித்த பதினொரு பாடல்கள் அடங்கிய 'அறோறா', தொடருடன் சேர்ந்தே விற்பனைக்கு வந்து, ஐடியூன்ஸ் பட்டியலில் முதலிடத்தையும் எட்டியது. கொரோனாத் தொற்றினால் படப்பிடிப்புத் தாமதமானபோது நடிகர்கள் அக்காலத்தைப் பாடவும் வாத்தியங்கள் வாசிக்கவும் பயில்வதற்குப் பயன்படுத்தினர். எழுபதுகளை வாழ்ந்து அனுபவித்தவர்கள், பாடல்கள் மிகவும் துப்புரவாக, இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடையுடன் இருப்பதாகக் குறைகூறினர். இளையவர்களோ அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். பாடல்கள் இனிமையானவையே. ஆயினும் ஒரு தலைமுறையையே ஆட்டிப்படைத்ததாகக் கூறப்படும் இசை இதுதானா எனக் கேட்டால், ஆம் என்பதற்கு நாம் தயங்கவே வேண்டியுள்ளது.

இந்த விவாதங்களுக்கெல்லாம் பின்னணியில் நிற்பது ஓர் உண்மையான இசைக்குழு. 1967 இல் இலண்டனில் உருவான பிளீட்வூட் மெக் குழுவில், 1975 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லின்ட்சி பக்கிங்ஹமும் அவரது காதலி ஸ்டீவி நிக்ஸும் இணைந்தனர். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் சோசலிட்டோ நகரில் 'றூமர்ஸ்' தொகுப்பின் ஒலிப்பதிவு நடைபெற்றபோது அவ்விருவரும் பிரிந்துகொண்டிருந்தனர். அக்குழுவின் ஜோன் மக்வீ, கிறிஸ்டின் மக்வீ தம்பதியரும் பிரிந்திருந்தனர். மிக் பிளீட்வூட்டின் மணவாழ்வும் ஆட்டங்கண்டிருந்தது. ஒருவரையொருவர் குறித்து எழுதிய பாடல்களை, எழுதப்பட்டவரே பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டிய நிலை. 1977 பெப்ரவரியில் வெளியான அத்தொகுப்பு, உலகளவில் நான்கு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையானதாகக் கணிக்கப்படுகின்றது.

அத்தொகுப்பில் இடம்பெறாது போன ஒரு பாடலும் உண்டு. பக்கிங்ஹமுடனான பிரிவு குறித்து நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிறிங்ஸ்' மிக நீண்டது எனக் கருதப்பட்டு, அவரது மனத்தாங்கலையும் பொருட்படுத்தாது நீக்கப்பட்டது. ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் மாத்திரமே அதற்கு இடம் கிடைத்தது. இருபது ஆண்டுகளின் பின்னர், 1997 இல் குழு மீண்டும் ஒன்றுசேர்ந்து நடத்திய 'த டான்ஸ்' நிகழ்ச்சியில், நிக்ஸ் பக்கிங்ஹமை நேருக்கு நேர் நோக்கியவாறே அப்பாடலைப் பாடினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த சிறுமி ஒருத்தி, அவ்விருவருக்கும் இடையே என்னதான் இருந்திருக்கும் என்று வியந்தாள். அவளே பின்னாளில் இந்நாவலை எழுதியதாக றீட் கூறியுள்ளார்.

இங்குதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியுள்ளது. உயிருடன் இருப்போரின் துயரத்தை எடுத்து, பெயர்களை மாற்றி, இன்னொருவர் கதையாக்கி விற்பது முறையா? சட்டம் இதற்குத் தரும் பதில் ஒருபுறம் இருக்கட்டும். நிக்ஸைப் பொறுத்தவரை, அவரது பாடல்களைவிட அவரது காதல்களும் போதைப்பழக்கமுமே பல காலம் பத்திரிகைகளுக்குத் தீனியாகின. அப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக 1986 இல் அவர் சிகிச்சை நிலையத்தில் அனுமதிக்கப்பட்டார். அத்தகைய ஒருவர், தமது வாழ்வின் நிழல் மீண்டும் ஒரு வியாபாரப் பொருளாவதைக் கண்டு சினந்திருந்தால் எவரும் குறைகூற இயலாது.

ஆனால் 2023 ஓகஸ்டில் அவர் வெளியிட்ட கருத்து வேறுவிதமாக இருந்தது. தொடரை இரண்டாவது தடவையும் பார்த்து முடித்ததாகவும், தமது சொந்தக் கதையைத் தாமே ஓர் ஆவியாக நின்று பார்ப்பது போன்று உணர்ந்ததாகவும் அவர் எழுதினார். ஆரம்பத்தில் அது தமது கதையாகத் தோன்றவில்லை எனவும், றைலி கியூக்கின் நடிப்பில் விரைவிலேயே அது தமது கதையாகிவிட்டது எனவும் குறிப்பிட்டிருந்தார். ஆண்டுகள் மாறியதையோ, உறுப்பினர் ஒருவர் குறைந்ததையோ, பாடல்களின் துப்புரவையோ அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாவலுக்கு விசுவாசமானதா, எழுபதுகளுக்கு விசுவாசமானதா என்று மற்றையோர் அளந்துகொண்டிருக்கையில், அக்காலத்தை வாழ்ந்தவரோ தாம் பட்டது அதில் இருக்கின்றதா என்பதை மாத்திரமே பார்த்தார் போலும்.

ஒரு குறையை மட்டும் அவர் சொன்னார். 2022 நவம்பர் 30 ஆம் திகதி காலமான கிறிஸ்டின் மக்வீ இதனைப் பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் மிகவும் விரும்பியிருப்பார் என்பதே அது. ஆண்கள் நிறைந்த அக்குழுவில் நிக்ஸுக்கு அருகில் நின்ற ஒரே பெண் கிறிஸ்டின்தான். தொடரில் கீபோர்ட் வாசிக்கும் கேரன் என்ற பாத்திரத்தைக் காணும் எவருக்கும் அவர் நினைவுக்கு வராமற் போகார்.